கட்டவிழ்ந்த கைப்பேசி – 7: பாதியில் உறைந்த ஓடின்

முன்கதைச் சுருக்கம்: 2008 அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டி-மொபைல் ஜி1தான் முதல் ஆண்ட்ராய்டு போன். அதன் விசைப்பலகையில் தட்டும் ஒவ்வோர் எழுத்தும், பின்னணியில் ரூட் எனும் உச்ச அதிகாரத்தோடு ஓடிக்கொண்டிருந்த, கட்டளைகளை நிறைவேற்றும் ஒரு ஷெல்லுக்கும் போய்ச் சேர்ந்தது. அரட்டையில் ஒருவர் ‘ரீபூட்’ என்று தட்ட, போன் நிஜமாகவே அணைந்து எழுந்தது. கூகுள் அவசரமாக அந்த ஓட்டையை அடைத்தது. ஆர்வலர்களோ ஓட்டையுள்ள பழைய ஃபர்ம்வேரையே மெமரி கார்டு வழியாக மறுபடி ஏற்றி உள்ளே புகுந்தார்கள். 2010இல் செபாஸ்டியன் கிராமரின் ‘ரேஜ் அகெய்ன்ஸ்ட் த கேஜ்’ என்ற நிரல் பல நிறுவனங்களின் போன்களைத் திறந்துவிட்டது. 2011 மார்ச்சில் அதே சாவியோடு ‘டிராய்டுட்ரீம்’ என்ற திருட்டு நிரல் ஆண்ட்ராய்டு மார்க்கெட்டுக்குள் நுழைந்தது. உள்ளே புகும் வழி எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வெளியே வரும் வழி?

1

விண்டோஸ் கணினியின் திரையில் ஓடின் திறந்திருக்கிறது. சாம்சங் தன் பொறியாளர்களுக்கும் சர்வீஸ் சென்டர்களுக்கும் என்று உருவாக்கிய கருவி அது. எப்படியோ கசிந்து ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கேபிளின் மறுமுனையில் ஒரு கேலக்ஸி நோட். 5.3 அங்குலத் திரை, கூடவே ஒரு பேனா. 2011 இறுதியில் இந்தியக் கடைகளுக்கு வந்தபோது ஏறத்தாழ 35,000 ரூபாய்.

போன் ஸ்டார்ட் ஆகவில்லை. ஆனாலும் அதன் சொந்தக்காரர் பதறவில்லை. வால்யூம் குறைக்கும் பட்டன், ஹோம், பவர் மூன்றையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கிறார். எச்சரிக்கைத் திரை வருகிறது. வால்யூம் கூட்டும் பட்டனைத் தட்டுகிறார். டவுன்லோட் மோட் திறக்கிறது. ஓடினில் போன் இணைந்ததற்கான அடையாளம் தெரிகிறது. ‘பிடிஏ’ என்ற பட்டனை அழுத்தி, தன் மாடலுக்கான அசல் ஃபர்ம்வேரைத் தேர்ந்தெடுக்கிறார். ‘ரீ-பார்ட்டிஷன்’ கட்டத்தில் டிக் இல்லை என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்கிறார். பிறகு, ஸ்டார்ட்.

எழுத்துகள் வரிவரியாக இறங்குகின்றன. எழுதும் வேலை தொடங்கிவிட்டது என்கிறது ஒரு வரி. அடுத்த வரியில் ஒரு கோப்பின் பெயர்: ஃபேக்டரிஎஃப்எஸ்.

அதோடு சரி. ஐந்து நிமிடம் போகிறது. பத்து நிமிடம் போகிறது. பச்சை நிறத்தில் ‘பாஸ்’ வரவில்லை. சிவப்பில் ‘ஃபெயில்’ கூட வரவில்லை. கேபிளைப் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். மறுபடியும் அதே வரி, அதே நிறுத்தம். கேபிளை மாற்றுகிறார். கணினியை மாற்றுகிறார். ஃபர்ம்வேர் கோப்பைப் புதிதாக இறக்கிப் பார்க்கிறார். எதைச் செய்தாலும் ஃபேக்டரிஎஃப்எஸ் வாசலைத் தாண்டி ஓடின் நகரவில்லை.

2012ஆம் ஆண்டின் முற்பாதியில், வெவ்வேறு நாடுகளில், ஒருவரை ஒருவர் அறியாத பலருக்கு, இதே வரியில் இப்படித்தான் நின்றது.

2

இது ஏன் அத்தனை பெரிய அதிர்ச்சி? அதைப் புரிந்துகொள்ள, அதுவரை ரூட் செய்தவர்களின் துணிச்சல் எதன்மீது நின்றது என்று பார்க்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு போன் ஒரேயடியாக விழித்துக்கொள்வதில்லை. பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் எழுவது பூட்லோடர். அது கர்னலை எழுப்பும். கர்னல், சிஸ்டம் பகுதியில் குடியிருக்கும் ஆண்ட்ராய்டை எழுப்பும். இவை எல்லாம் ஒரே நினைவகச் சிப்பில்தான் இருக்கின்றன என்றாலும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பார்ட்டிஷன். ஒன்றில் கைவைத்துக் கெடுத்தால் மற்றது கெடாது. ரூட் செய்த போனைப் பழுதுபார்ப்பவர் கேட்கும் முதல் கேள்வியே ‘எதுவரை எழுகிறது?’ என்பதுதான். விடையைப் பொறுத்து வைத்தியம் மாறும்.

லோகோ வருகிறது, மறைகிறது, மறுபடி லோகோ வருகிறது என்றால் அது பூட்லூப். பெரும்பாலும் பழைய டேட்டாவுக்கும் புதிய சிஸ்டத்துக்கும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். ரிக்கவரி என்ற பழுதுநீக்கும் பகுதிக்குள் போய் டேட்டாவைத் துடைத்தால் பல நேரம் சரியாகிவிடும். ரிக்கவரியே வரவில்லை என்றால் கோளாறு கர்னலில். கேலக்ஸி எஸ் 2, நோட் இரண்டிலும் ரிக்கவரிக்குத் தனி இடம் கிடையாது, கர்னல் கோப்புக்குள்ளேயே அது அடக்கம். அப்போது டவுன்லோட் மோட் வழியாக அசல் ஃபர்ம்வேரை மொத்தமாக ஏற்ற வேண்டும்.

பட்டன்களை அழுத்தியும் டவுன்லோட் மோட் வரவில்லையா? அதற்கும் ஒரு கைவேலை இருந்தது. மைக்ரோ யூஎஸ்பி பிளக்கின் நான்காவது, ஐந்தாவது பின்களுக்கு நடுவே 301 கிலோ ஓம் மின்தடையை வைத்துப் பற்றவைப்பார்கள். மூன்று 100 கிலோ ஓம், ஒரு 1 கிலோ ஓம் என்று நான்கை வரிசையாகச் சேர்த்தாலே போதும். அந்தப் பிளக்கைச் செருகியதும் போன் நேராக டவுன்லோட் மோடுக்குள் போகும். ஜிக் என்று அதற்குப் பெயர். பூட்லோடரே அழிந்துபோயிருந்தால்தான் போர்டைக் கழற்றி ஜேடேக் கருவியில் மாட்ட வேண்டிவரும்.

அசல் ஃபர்ம்வேரால் திருப்பித் தர முடியாதது என்று ஒன்றை மட்டும் எல்லோரும் எச்சரித்தார்கள். ஈஎஃப்எஸ் என்ற குட்டிப் பார்ட்டிஷன். போனின் ஐஎம்இஐ எண் சார்ந்த விவரங்கள் அங்கே இருக்கின்றன. அவை ஒவ்வொரு போனுக்கும் வேறு என்பதால் சாம்சங் வெளியிடும் ஃபர்ம்வேர் கோப்பில் அவை இருக்காது. ஈஎஃப்எஸ் கெட்டால் போன் நன்றாக எழும், சிக்னல் மட்டும் வராது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் ரூட் செய்த கையோடு முதல் வேலையாக ஈஎஃப்எஸ்ஸைப் பிரதியெடுத்து வேறிடத்தில் வைத்துவிடுவார்கள்.

இந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் மருந்து இருந்தது. சாஃப்ட்வேரால் வந்த கோளாறு சாஃப்ட்வேர் போட்டால் போய்விடும். இந்த நம்பிக்கை பலமுறை சோதிக்கப்பட்டு வென்ற நம்பிக்கை. அசலுக்குப் பதில் வேறு ஆண்ட்ராய்டுப் பதிப்பை (கஸ்டம் ரோம்) போட்டவர்களும், கர்னலை மாற்றிப் பார்த்தவர்களும், ஒரே நாளில் நான்கு ரோம் மாற்றியவர்களும் இதை நம்பித்தான் துணிந்தார்கள்.

அந்த நம்பிக்கையைத் தகர்க்கப்போவது ஒரு வைரஸோ ஹேக்கரோ கிடையாது. எல்லா போனிலும் இருக்கும், எந்தச் சந்தேகமும் இல்லாமல் எல்லோரும் அழுத்தும், ஃபேக்டரி ரீசெட்!

3

2011 அக்டோபர் 19. ஹாங்காங்கில் கூகுளும் சாம்சங்கும் சேர்ந்து கேலக்ஸி நெக்ஸஸை அறிமுகப்படுத்தின. அதோடு வந்தது ஆண்ட்ராய்டு 4.0, ஐஸ்க்ரீம் சாண்ட்விச். அதுவரையிலான ஜிஞ்சர்பிரெட் ஒரே நாளில் பழசாகத் தெரிந்தது. எஸ் 2 வைத்திருந்தவர்களும் நோட் வைத்திருந்தவர்களும் தங்கள் போனுக்கு அது எப்போது வரும் என்று காத்திருந்தார்கள்.

அதிகாரபூர்வ வெளியீட்டுக்கு முன்பே சாம்சங்கின் சோதனைப் பதிப்புகள் கசிந்தன. பொறுமையில்லாதவர்கள் உடனே ஏற்றிக்கொண்டார்கள். அமெரிக்காவில் ஸ்பிரின்ட் நிறுவனம் விற்ற எஸ் 2 வகையான எபிக் 4ஜி டச்சில்தான் முதல் சாவுகள் விழுந்தன. எல்லாவற்றிலும் கதை ஒன்றே. ஐஸ்க்ரீம் சாண்ட்விச் ஓடிக்கொண்டிருக்கிறது. வேறொரு ரோமுக்கு மாறலாம் என்று ரிக்கவரிக்குள் போகிறார்கள். ஃபேக்டரி ரீசெட் கொடுத்து டேட்டாவைத் துடைக்கச் சொல்கிறார்கள், அல்லது பழைய பேக்கப்பைத் திரும்ப ஏற்றுகிறார்கள். வேலை பாதியில் நிற்கிறது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போன் எழுவதில்லை. ஓடினில் மாட்டினால் ஃபேக்டரிஎஃப்எஸ்.

பிறகு நோட்டிலும் அதே கதை.

இதை முதலில் சொன்னவர்களை யாரும் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் இருந்தது. அதே ரிக்கவரியில் அதே துடைப்பை இருபது முறை செய்தும் ஒன்றும் ஆகாதவர்கள் ஏராளம். ‘நான் செய்தேனே, என் போன் நன்றாக இருக்கிறதே’ என்பது அவர்கள் வாதம். தவறான மாடலின் கோப்பை ஏற்றியிருப்பாய், கேபிளைப் பாதியில் பிடுங்கியிருப்பாய், பேட்டரி தீர்ந்திருக்கும் என்று பழி போனை இழந்தவர் தலையிலேயே விழுந்தது. சர்வீஸ் சென்டருக்குப் போகவும் பயம். சாம்சங் கையெழுத்திடாத கர்னலை ஓடின் வழியே ஏற்றியிருந்தால், போன் எழும்போது திரையில் மஞ்சள் முக்கோணம் ஒன்று தோன்றும். ரூட் செய்த போன் என்று அது காட்டிக்கொடுத்துவிடும். அதை அழிக்க ‘ட்ரையாங்கிள் அவே’ என்ற செயலி இருந்தது. ஆனால் செயலியை ஓட்டப் போன் முதலில் எழ வேண்டுமே!

எப்போதாவது மட்டும் நிகழும் கோளாறுதான் பழுதுபார்ப்பவருக்கு மிகப் பெரிய எதிரி. ஒவ்வொரு முறையும் நிகழ்ந்தால் காரணத்தைப் பிடித்துவிடலாம். நூற்றில் ஒரு முறை என்றால் ஜோசியம்தான் மிஞ்சும்.

ஜோசியத்தை ஒதுக்கிவிட்டுக் கணக்கெடுக்க ஒருவர் உட்கார்ந்தார்.

4

என்ட்ரோபி512. இந்தப் புனைபெயரில் இயங்கிய பொறியாளர், சயனோஜென்மாட் என்ற கஸ்டம் ரோமை சாம்சங் போன்களுக்குத் தகவமைத்த குழுவில் ஒருவர். இறந்த போன்களின் விவரங்களை அவரும் உடனிருந்தவர்களும் திரட்டினார்கள். எந்த மாடல், எந்த கர்னல், கடைசியாக என்ன கட்டளை கொடுத்தாய், எந்த வரியில் நின்றது?

கணக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஜிஞ்சர்பிரெட் கர்னலில் இருந்துகொண்டு துடைத்தவர்களின் போன்கள் இப்படிச் சாகவில்லை. சயனோஜென்மாட் 9-இன் கர்னலில் இருந்தவர்களுக்கும் ஆபத்து நேரவில்லை. செத்தவை எல்லாம் சாம்சங்கின் சில ஐஸ்க்ரீம் சாண்ட்விச் கர்னல்களிலோ, அவற்றிலிருந்து பிறந்த கர்னல்களிலோ துடைக்கப்பட்டவை. குற்றவாளி கர்னலுக்குள் இருக்கிறான் என்பது உறுதியானது.

இந்தக் கதையின் திருப்புமுனை இங்கேதான் இருக்கிறது என்பேன். ஆண்ட்ராய்டின் கர்னல், லினக்ஸ் கர்னல். அதன் உரிமம் ஜிபிஎல். போனை விற்கும் நிறுவனம் அந்தக் கர்னலின் மூலநிரலையும் வெளியிட்டே ஆக வேண்டும். சாம்சங்கும் வெளியிட்டிருந்தது. ஆகவே போன் வாங்கியவர்களால் செத்த கர்னலையும் சாகாத கர்னலையும் அருகருகே வைத்து வரிவரியாக ஒப்பிட முடிந்தது. அந்த உரிமம் மட்டும் இல்லாமலிருந்தால் விசாரணை இந்த இடத்தோடு முடிந்திருக்கும். ‘ரூட் செய்தாய், அனுபவி’ என்பதே தீர்ப்பாகியிருக்கும்.

நினைவகச் சிப்பை இயக்கும் பகுதியில் ஒரு சொல் அகப்பட்டது. எம்எம்சி_கேப்_இரேஸ். ‘இந்தச் சிப்புக்கு அழிக்கும் கட்டளையை நேரடியாகக் கொடுக்கலாம்’ என்று கர்னலுக்கு அனுமதி தரும் கொடி அது. ஆபத்தான கர்னல்களில் கொடி ஏற்றப்பட்டிருந்தது. பாதுகாப்பான கர்னல்களில் இல்லை.

கர்னல் அனுமதித்தால் மட்டும் போதாது. மேலிருந்து யாராவது அந்தக் கட்டளையைக் கேட்கவும் வேண்டும். யார் கேட்டது? ஐஸ்க்ரீம் சாண்ட்விச்சின் ரிக்கவரி. ஜிஞ்சர்பிரெட் காலத்தில் டேட்டாவைத் துடைப்பது என்றால் பழைய அட்டவணையின்மீது புதிய, காலி அட்டவணையை எழுதுவதுதான். உங்கள் படங்களும் குறுஞ்செய்திகளும் அடியில் அப்படியே கிடக்கும். போனை விற்றால், வாங்கியவர் முனைந்தால் தோண்டி எடுக்கலாம். புதிய ரிக்கவரி இதைச் சரிசெய்ய முனைந்தது. பார்ட்டிஷனை ஃபார்மட் செய்வதற்கு முன்பு, அதில் உள்ளதை மீட்க முடியாதபடி அழிக்கச் சொல்லி சிப்புக்கே கட்டளையிட்டது. உரிமையாளரின் அந்தரங்கத்தைக் காக்கும் நல்ல நோக்கம்தான்.

நல்ல கட்டளையை ஒரு சிப்பால் ஏன் தாங்க முடியவில்லை? விடை சாம்சங்கின் கட்டடத்துக்குள் இருந்தது. ஆனால் அதை முதலில் வெளியில் சொன்னவர் கூகுள்காரர்!

5

கென் சம்ரால், கூகுளின் ஆண்ட்ராய்டு குழுவில் இருந்த பொறியாளர். வெளியிலிருந்து கேட்டவர்களுக்கு அவர் மழுப்பாமல் பதில் சொன்னார். கோளாறு ஆண்ட்ராய்டில் இல்லை, ரிக்கவரியிலும் இல்லை. சிப்பின் உள்ளே இருக்கிறது.

போனில் இருக்கும் நினைவகத்தை ஈஎம்எம்சி என்பார்கள். அது வெறும் சேமிப்புத் துண்டு கிடையாது. உள்ளேயே ஒரு குட்டிக் கட்டுப்பாட்டுக் கணினி இருக்கிறது, அதற்கென்று தனி ஃபர்ம்வேரும் இருக்கிறது. ஃபிளாஷ் நினைவகத்தின் ஒவ்வொரு கட்டமும் குறிப்பிட்ட எண்ணிக்கை அளவுக்கே அழித்து எழுதப்படுவதைத் தாங்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் அந்த இடம் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆகவே உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுக் கணினி, தேய்மானம் சமமாகும்படி தரவுகளை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறது. பெரிய நெல் கிடங்கில் மூட்டைகளை ஓயாமல் இடம் மாற்றி அடுக்கி, எந்த மூட்டை எங்கே என்று தன் பேரேட்டில் மட்டும் குறித்துவைக்கும் கணக்குப்பிள்ளையைப் போல. கிடங்கில் மூட்டைகள் பத்திரமாக இருந்தாலும் பேரேடு கிழிந்துவிட்டால் யாராலும் ஒரு மூட்டையையும் எடுக்க முடியாது.

சாம்சங்கின் குறிப்பிட்ட சில சிப்புகளில், அழிக்கும் கட்டளை வரும்போது எப்போதாவது ஒருமுறை பேரேடு கிழிந்தது. அதன் பிறகு அந்தப் பகுதியை எழுதப் போனாலும் படிக்கப் போனாலும் சிப் அப்படியே உறைந்துவிடும். மின்சாரத்தைத் துண்டித்தால்தான் மீளும். மறுபடி அங்கே போனால் மறுபடி உறையும். ஓடின் ஏன் ‘ஃபெயில்’ கூடச் சொல்லாமல் நின்றது என்பது இப்போது புரிகிறதல்லவா? எழுத முடியவில்லை என்று சொல்லக்கூட அங்கே ஆள் இல்லை. ஜேடேக்கால் பயனில்லாததற்கும் இதுவே காரணம். வெளியிலிருந்து எந்தக் கருவியை மாட்டினாலும் கதவைத் திறக்க வேண்டியவர் அதே கணக்குப்பிள்ளைதான்.

இந்தச் சாவுக்கு ஆர்வலர்கள் ‘சூப்பர் பிரிக்’ என்று பெயர் வைத்தார்கள். தன் போனில் எந்தச் சிப் இருக்கிறது என்று எல்லோரும் தெரிந்துகொள்ள, செயின்ஃபயர் என்ற புனைபெயரில் இயங்கிய நிரலாளர் ஒரு செயலியை எழுதினார். ட்ரையாங்கிள் அவே எழுதியவரும், சூப்பர்எஸ்யூ செயலியை எழுதியவரும் அவர்தான். ‘காட் பிரிக்பக்?’ என்பது செயலியின் பெயர். திறந்ததும் சிப்பின் பெயரைக் காட்டும். விஒய்எல்00எம். அதன் கீழே ஃபர்ம்வேர் எண், 0எக்ஸ்19. அதற்கும் கீழே தீர்ப்பு: ‘யெஸ். இன்சேன் சிப்.’

அந்த வரியைப் பார்த்தவர்களில் ரூட் செய்யாதவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு ரூட் பற்றி எதுவுமே தெரியாது. முறையாக வந்த அப்டேட்டைத்தான் போட்டிருந்தார்கள். ஆபத்தான அதே கர்னல் அவர்கள் போனிலும் ஓடிக்கொண்டிருந்தது. விற்பதற்கு முன் போனைச் சுத்தம் செய்யலாம் என்று அசல் ரிக்கவரியில் ரீசெட் கொடுத்தாலும் அதே கட்டளைதான் சிப்புக்குப் போகும்.

போனுக்குள் வெடிகுண்டு இருக்கிறது, அதைத் தட்டாமல் தப்ப வேண்டும். எப்படி?

6

வழி பின்பக்கமாக இருந்தது.

ஓடின், ஃபர்ம்வேரை ஏற்றும்போது கோப்புகளை எழுதுகிறது. அந்த ஆபத்தான அழிப்பைக் கேட்பதில்லை. ஆகவே போன் நன்றாக இருக்கும்போதே, எதையும் துடைக்காமல், டவுன்லோட் மோட் வழியாகப் பழைய ஜிஞ்சர்பிரெட் அசல் ஃபர்ம்வேரை ஏற்று. இப்போது பாதுகாப்பான கர்னலில் நிற்கிறாய். துடைப்பதாக இருந்தால் இங்கே துடை. ரூட் செய்வதும் இங்கேதான். அதன் பிறகு கொடி நீக்கப்பட்ட கர்னலோடு வரும் ரோமுக்குப் போ. அன்றைய வழிகாட்டிகள் எல்லாம் இந்த வரிசையைத்தான் வலியுறுத்தின. இந்தத் தொடரின் முதல் அத்தியாயத்தில் ஜி1 உரிமையாளர்கள் பூட்டை உடைப்பதற்காகப் பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்பினார்கள். இங்கே உயிர் தப்புவதற்காகத் திரும்பினார்கள்.

ஏற்கெனவே செத்த போன்களுக்கு? வாரண்டி இருந்த பலருக்கு சாம்சங் மதர்போர்டையே மாற்றிக் கொடுத்தது. வாரண்டி இல்லாதவர்களுக்காக ஆர்வலர்கள் கண்டுபிடித்த வழி, பழுதுபார்க்கும் கலையின் உச்சம் என்று நான் கருதுவது.

சிப் முழுவதும் சாகவில்லை, ஒரு பகுதிதான் தொட்டால் உறைகிறது. அந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று முதலில் அளக்க வேண்டும். போனை ரிக்கவரி வரை எழுப்பிக் கணினியோடு இணைப்பார்கள். சிப்பைத் தொடக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கும் கட்டளையைக் கொடுப்பார்கள். படித்துக்கொண்டே போகும், ஓரிடத்தில் உறையும். அந்த இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். அணைத்து எழுப்பி, இம்முறை அதைத் தாண்டி ஆரம்பித்துப் படிக்கவைப்பார்கள். மறுபடி உறைந்தால் இன்னும் தள்ளி ஆரம்பிப்பார்கள். ஒருகட்டத்தில் உறையாமல் ஓடும். காயத்தின் தொடக்கமும் முடிவும் தெரிந்துவிட்டன.

அடுத்தது பிட் கோப்பு. எந்தப் பார்ட்டிஷன் எங்கே தொடங்கி எவ்வளவு நீளம் என்று போனுக்குச் சொல்லும் வரைபடம் அது. எந்த ‘ரீ-பார்ட்டிஷன்’ கட்டத்தில் கைவைக்கவே கூடாது என்று எல்லா வழிகாட்டிகளும் எச்சரித்தனவோ, அதே கட்டத்தில் இப்போது டிக் போட வேண்டும். காயம்பட்ட பகுதியை எந்தப் பார்ட்டிஷனுக்கும் கொடுக்காமல் தாண்டிச் செல்லும்படி மாற்றி எழுதிய பிட் கோப்பை ஓடினில் கொடுத்து, அசல் ஃபர்ம்வேரை ஏற்றுவார்கள். சேமிப்பிடத்தில் ஒரு பகுதி நிரந்தரமாகப் போய்விடும். ஆனால் ஃபேக்டரிஎஃப்எஸ் வரி நகரும். அடுத்த கோப்பின் பெயர் வரும். கடைசியில் பச்சை நிறத்தில் ‘பாஸ்’!

மதர்போர்டு மாற்ற வேண்டும் என்று சொல்லப்பட்ட போன்கள் இப்படி எழுந்து நடந்தன. சம்பளம் வாங்காதவர்கள், தங்கள் போனைப் பணயம் வைத்து அளந்து, அளந்ததை ஒளிக்காமல் மற்றவர்களுக்குச் சொன்னதால் இது நடந்தது.

7

2012 ஆகஸ்ட் மாத இறுதியில் லினக்ஸ் கர்னலுக்கு ஒரு சிறு திருத்தம் வந்து சேர்ந்தது. அனுப்பியவர் சாம்சங் பொறியாளர் ஒருவர். எட்டு சிப்புகளின் பெயர்கள் அதில் பட்டியலிடப்பட்டிருந்தன. விஒய்எல்00எம் அவற்றில் ஒன்று. இந்தச் சிப்புகளில் பாதுகாப்பாக அழிக்கும் கட்டளையைக் கொடுத்தால், ஃபர்ம்வேர் பிழையால் மீட்க முடியாத சேதம் ஏற்படலாம் என்று ஒரு குறிப்பு. அவற்றில் ஒன்றைக் கண்டால் ‘அப்படி ஒரு வசதியே இல்லை’ என்று கர்னல் பதில் சொல்லிவிடும். சில மாதங்களுக்கு முன்பு ‘நீ ஏதோ தப்புச் செய்திருப்பாய்’ என்று வாயடைக்கப்பட்டவர்கள் சொன்னது அத்தனையும் உண்மை என்பதற்கு, நிறுவனத்தின் கையாலேயே எழுதப்பட்ட சாட்சி அது.

இந்த அத்தியாயத்தை இவ்வளவு விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ரூட் வரலாறு என்றாலே பூட்டை உடைத்தவர்களின் வீரக்கதையாகத்தான் நினைக்கிறோம். அதில் பாதிதான் உண்மை. உடைத்த பிறகு பழைய நிலைக்குத் திரும்ப முடியும் என்ற உறுதி இருந்ததால்தான் சாமானியர்களும் துணிந்தார்கள். அசல் ஃபர்ம்வேர் கைக்குக் கிடைப்பது, அதை ஏற்றும் கருவி கிடைப்பது, உள்ளே ஓடும் நிரலைப் படித்துப் பார்க்க முடிவது, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அந்த உறுதி. காசு கொடுத்து வாங்கிய பொருள் கெட்டால் சரிசெய்யும் உரிமை என்பதும் இதுவேதான். ரூட் செய்வது குறும்பு, ஃபர்ம்வேர் போடுவது கடைக்காரன் வேலை என்று இரண்டையும் பிரித்துப் பேசுபவர்கள் 2012ஐத் திரும்பிப் பார்க்க வேண்டும். ரூட் செய்தவர்கள் கண்டுபிடித்த காரணம்தான், ரூட் என்ற சொல்லையே கேள்விப்படாதவர்களின் போன்களையும் காத்தது.

சூப்பர் பிரிக் ஓய்ந்தது. திரும்பும் வழி மீண்டும் திறந்துவிட்டது என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

2013 செப்டம்பர். பெர்லினில் கேலக்ஸி நோட் 3 அறிமுகமாகிறது. வாங்கியவர்கள் வழக்கம்போல மூன்று பட்டன்களை அழுத்தி டவுன்லோட் மோடுக்குள் போகிறார்கள். அங்கே, அதுவரை பழக்கமில்லாத ஒரு வரி. ‘நாக்ஸ் வாரண்டி வாய்ட்’. அதன் எதிரே ஒரு எண், 0எக்ஸ்0.

ரூட் செய்கிறார்கள். எண் 0எக்ஸ்1 ஆகிறது. பரவாயில்லை, அசல் ஃபர்ம்வேர் இருக்கிறதே! ஓடினில் ஏற்றுகிறார்கள். ஃபேக்டரிஎஃப்எஸ் நிறுத்தம் இல்லை, ஒரு வரியும் உறையவில்லை, பச்சை ‘பாஸ்’ வருகிறது. போன் கடையிலிருந்து வந்தது போல எழுகிறது. மறுபடி டவுன்லோட் மோடைத் திறந்து பார்க்கிறார்கள்.

0எக்ஸ்1.

மறுபடி ஏற்றுகிறார்கள். பிட் கோப்போடு ஏற்றுகிறார்கள். ட்ரையாங்கிள் அவே எழுதிய செயின்ஃபயரை எல்லோரும் நம்பிக்கையோடு பார்க்கிறார்கள். எண் அசையவில்லை. அந்த ஒற்றை எண் போனின் எந்தப் பார்ட்டிஷனில், எந்தக் கோப்பில் இருக்கிறது? அல்லது, கோப்பே இல்லாத ஓரிடத்திலா?

(அடுத்த வாரம்: எரிந்த ஃபியூஸ்)